ப்ளென்டி எழுதியது யார்?

அத்தியாயம் ஒன்பது

வியாழக்கிழமை காலை முகம் மழிக்கும்போது எட்வின் கார்த்வைட் இரண்டு இடத்தில் வெட்டிக்கொண்டான். பதினான்கு வருடமாக அவன் எதிர்பார்த்திருந்த நாள். ஆனாலும் இது வராமலே இருந்திருக்கலாம் என்று கண்ணாடி முன் நின்றபோது தோன்றியது.

எல்லாம் திங்கட்கிழமை வந்த அந்தக் கடிதத்தால்.

விட்பி ஊர்ப் பையன்கள் பள்ளியில் எட்வின் ஆங்கில ஆசிரியன். வயது ஐம்பத்தொன்று. பள்ளி விட்டு வந்ததும் மாடி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். அங்கே சுவரை மறைத்து அடுக்கிய காலணிப் பெட்டிகளுக்குள் ஆயிரக்கணக்கான துண்டுச் சீட்டுகள். ஒரு சொல்லுக்கு அதே பொருள் தரும் வேறு சொற்கள் என்னென்ன, எதை எங்கே சொல்லலாம், எங்கே சொல்லக் கூடாது என்று அகராதி ஒன்று எழுதிக்கொண்டிருந்தான்.

ஜனவரியில் மாதிரிப் பக்கங்களை லண்டனுக்கு அனுப்ப வேண்டிய வாரத்தில் அவனுக்கு நிமோனியா வந்து படுத்துவிட்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பக்கங்களை டைப் அடித்து அனுப்பியவள் அவன் மனைவி நெல். ‘ப்ளென்டி’ என்ற ஒரு சொல்லுக்கு மட்டும் சீட்டுகள்தான் இருந்தன, கட்டுரை எழுதப்படவில்லை. ஏராளம், நிறைய என்று நாம் சொல்வோமே, அந்தச் சொல். மறுநாள் கெடு. நெல் தானே உட்கார்ந்து அரைப் பக்கம் எழுதிச் சேர்த்து அனுப்பிவிட்டாள். காய்ச்சலில் கிடந்தவனிடம் சொல்லவும் சொன்னாள். அவன் ‘உம்’ என்றான். பிறகு அவனுக்கு அது நினைவில்லை.

பெல்விட்ஜ் பதிப்பகத்திலிருந்து திங்கட்கிழமை வந்த பதில் இப்படி இருந்தது: ‘மாதிரிப் பக்கங்கள் ஒழுங்காக இருக்கின்றன. இப்படிப்பட்ட புத்தகங்கள் எங்களிடம் முன்பே இரண்டு உண்டு. ஆனால் ‘ப்ளென்டி’ பக்கத்தை அலுவலகத்தில் எல்லோரும் கைமாற்றிக் கைமாற்றிப் படித்தோம். முழுப் புத்தகமும் இப்படி இருக்குமானால் அச்சிடத் தயார். வியாழன் மதியம் நேரில் வருகிறேன். டி. ஆஷ்வொர்த்.’

எட்வின் முதல் வரியை மட்டும் உரக்கப் படித்துவிட்டுக் கடிதத்தை மடித்தான். “புடிச்சிருக்காம்” என்றான். மாடிக்குப் போய் இழுப்பறையிலிருந்து கார்பன் பிரதியை எடுத்துப் பார்த்தான். அவன் எழுதியதில்லை அது. யார் எழுதியது என்று கேட்க வேண்டிய அவசியமும் இல்லை.

மூன்று நாள் ஆயிற்று. அவன் வாய் திறக்கவில்லை. தன் அரைப் பக்கத்தைப் பற்றி ஏதாவது சொல்வான் என்று நெல் காத்திருந்தாள்.

“எந்த வார்த்தையைப் புடிச்சிருக்குன்னு எழுதியிருக்காங்க?” என்று காலைச் சாப்பாட்டின்போது ஆக்னஸ் கேட்டாள். எட்வினின் அக்கா. திருமணம் செய்துகொள்ளாதவள். அந்த வீட்டில் பின்பக்க அறை அவளுடையது.

“எல்லாத்தையும்தான்” என்றான் எட்வின்.

நெல் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். கை ஒரு விநாடி நின்றது. பிறகு ஊற்றினாள்.

“எல்லாத்தையும்னா சந்தோஷம்தான்” என்றாள் ஆக்னஸ். “அப்போ ஏன் மூஞ்சியை அப்படி வச்சிருக்கே?”

“கன்னம் வெட்டிடுச்சு. எரியுது.”

அவ்வளவுதான் பேச்சு.

பள்ளிக்கு அன்று விடுப்புச் சொல்லியிருந்தான்; மாடியில் அந்தக் கார்பன் பிரதியை இருபதாவது தடவையாக எடுத்தான்.

எட்வின் அந்தச் சொல்லுக்குச் சேர்த்து வைத்திருந்த சீட்டுகளில் மிகுதி, செழிப்பு, பெருக்கம், வளம், அளவின்மை என்று பெரிய பெரிய சொற்கள் இருந்தன. எல்லாம் பிரசங்கங்களிலிருந்தும் பழைய கவிதைகளிலிருந்தும் எடுத்தவை. நெல் அவற்றில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. அவள் எழுதியிருந்தது இது:

‘சாப்பாட்டு மேஜையில் தட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு இந்தச் சொல்லைச் சொல்கிறார்கள். அப்போது இதற்குப் போதும் என்று பொருள். கேட்டால் இன்னும் கிடைக்கும் என்று தெரிந்தவர்கள்தான் இப்படிச் சொல்வார்கள். மற்றவர்கள் வாங்கிக்கொள்வார்கள்.

‘குவியல் குவியலாக’ என்பதை நமக்கு வேண்டாததற்குச் சொல்கிறோம்: துவைக்க வேண்டிய துணி, திருத்த வேண்டிய பரீட்சைத் தாள். அடுத்தவருடைய நல்ல பொருளுக்கு அதைச் சொன்னால் சொல்பவருக்கு வயிறு எரிகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

‘நேரம் ப்ளென்டி இருக்கு’ என்பவர் இன்னும் செருப்புப் போடவில்லை.

‘எனக்கு ப்ளென்டி பேர் இருக்காங்க’ என்பது மிரட்டல். பெயர் கேட்டால் ஒன்றுகூட வராது.’

இப்படியே அரைப் பக்கம் போயிற்று.

முதல் தடவை படித்தபோது அவன் சிரித்துவிட்டான். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. எவனோ லண்டன் பேராசிரியன் எழுதியிருந்தால் எழுந்து நின்று கைதட்டியிருப்பான். பக்கத்தில் படுத்துக் குறட்டை விடுகிறவள் எழுதியிருக்கிறாள். மீனைப் புகைபோட்டு விற்கிறவர் மகள். பதினைந்து வயதில் பள்ளியை விட்டு நின்று, அப்பன் கடையில் மீனைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தவள்.

எட்வின் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தான். ‘ஏழ்மை’ என்று தலைப்பிட்டான். அவளைப் போலவே எழுதிப் பார்க்கலாம். என்ன பெரிய வித்தை?

‘ஏழ்மை என்பதைப் பணக்காரர்கள்’ என்று தொடங்கி அடித்தான். ‘ஏழைகள் இந்தச் சொல்லை’ என்று தொடங்கி அதையும் அடித்தான். முக்கால் மணி நேரத்தில் தாள் முழுக்கக் கறுப்பாயிற்று.

கீழே கொல்லைக் கதவுப் பக்கம் சிரிப்புச் சத்தம். ஜன்னலைத் திறந்தான். நண்டு விற்கும் டில்லி லெட்லி கூடையை இறக்கி வைத்துவிட்டு நெல்லோடு பேசிக்கொண்டிருந்தாள்.

“ராத்திரி சண்டை கண்ணு. ‘என்னைக் கட்டிக்க ப்ளென்டி பேர் வரிசைல நின்னாங்க’ன்னான் என் ஆளு. நான் விடுவேனா? ‘வரிசையைக் காட்டுய்யா, முதல்ல நிக்கறவகிட்ட உன்னை இப்பவே ஒப்படைச்சிட்டு நிம்மதியா தூங்கறேன்’னேன்.”

“என்ன சொன்னாரு?”

“என்ன சொல்வான்? திரும்பிப் படுத்துக்கிட்டான்.”

நெல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எட்வின் ஜன்னலை மூடினான். அவன் பதினான்கு வருடமாக நூலகத்தில் தோண்டியெடுத்தது இங்கே கொல்லைக் கதவடியில் நண்டோடு சேர்த்து அவளுக்கு வந்து கொட்டுகிறது. அவனிடம் டில்லி ஒருநாளும் இப்படிப் பேசியதில்லை. ‘வணக்கம் சார்’ என்பாள், கூடையைத் தூக்கிக்கொள்வாள்.

மதியம் ஆஷ்வொர்த் வந்து உட்காருவார். நெல் டீ கொண்டுவருவாள். ஏதோ ஒன்று சொல்வாள். ஆஷ்வொர்த் தலையைத் திருப்பி அவளைப் பார்ப்பார். அதற்கப்புறம் இந்தப் பக்கம் பார்க்கவே மாட்டார்.

எட்வின் கீழே இறங்கி வந்தான்.

“நேத்து உன் அக்கா வீட்டுக்காரரைத் துறையில பார்த்தேன்” என்றான். “டோராவுக்கு இருமலாம். மூணு நாளா படுக்கையாம்.”

நெல் நண்டைக் கீழே வைத்தாள். “நேத்து பார்த்தியா? இப்பச் சொல்றே?”

“மறந்துட்டேன். பன்னெண்டு மணி பஸ்ல போயிட்டு வந்துடேன். சூப்பு ஏதாவது எடுத்துட்டுப் போ.”

“இன்னைக்கா? லண்டன்லேர்ந்து ஆள் வர்றாங்க.”

“ஆக்னஸ் டீ போடுவா. நீ சாயங்காலம் மெதுவா வா.”

அவள் அவனைப் பார்த்தாள். அவன் மேஜைத் துணியின் ஓரத்தைச் சரிசெய்தான்.

“நான் இருந்தா உனக்கு இடைஞ்சலா எட்வின்?”

“என்ன பேச்சு இது? உடம்பு முடியாம கிடக்கறா, போய்ப் பாருன்னு சொன்னா…”

நெல் ஏப்ரனை அவிழ்த்தாள். பன்னிரண்டு மணி பஸ்ஸில் அக்கா இருக்கும் சாண்ட்ஸெண்டுக்குப் போனாள். மாடிப்படியில் நின்ற ஆக்னஸ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். நல்ல கோப்பைகளை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள்.

மூன்று மணிக்குக் கதவைத் தட்டிய டி. ஆஷ்வொர்த் ஆண் இல்லை. முப்பத்தைந்து வயது, சாம்பல் நிறக் கோட்டு, மழையில் நனைந்த தொப்பி. “டொரோத்தியா ஆஷ்வொர்த்” என்று கையை நீட்டினாள். “எல்லாரும் என்னை ஆம்பளைன்னு நினைச்சுக் கதவைத் திறப்பாங்க. பழகிடுச்சு.”

முன்னறையில் உட்கார்ந்தார்கள். அவள் பைக்குள்ளிருந்து எடுத்தது ஒரே ஒரு தாள்.

“சுத்தி வளைக்கல மிஸ்டர் கார்த்வைட். இதை எப்படி எழுதினீங்க?”

எட்வின் இரவெல்லாம் இந்தக் கேள்விக்குப் பதில் தயாரித்திருந்தான். ‘என் மனைவி கொஞ்சம் உதவினாள்’ என்று சொல்வதாகத்தான் இருந்தது. உதவினாள் என்பது பொய்யுமில்லை, மெய்யுமில்லை. ஆனால் மிஸ் ஆஷ்வொர்த் முன்னால் சாய்ந்து உட்கார்ந்து அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் எழுதிய எதைப் பற்றியும் யாரும் அப்படி ஆசையோடு கேட்டதில்லை.

“ஒரே மூச்சுல எழுதினது” என்றான். “சில சமயம் அப்படி வந்துடும்.”

சமையலறையில் அந்தச் சொற்கள் தெளிவாகக் கேட்டன. கொல்லைக் கதவைத் திறந்து நெல் அப்போதுதான் உள்ளே வந்திருந்தாள். கையில் சூப்புப் பாத்திரம், வைத்த மூடி வைத்தபடி.

போன பஸ்ஸின் அடுத்த பஸ்ஸிலேயே அவள் திரும்பிவிட்டாள். டோரா ஏணி மேல் நின்று சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தாள். ‘இருமலா? எனக்கா? யாரு சொன்னா?’ என்று சிரித்தாள். நெல் சிரிக்கவில்லை.

“உள்ள போகாத” என்றாள் ஆக்னஸ், தாழ்ந்த குரலில். “வேலை விஷயமா பேசறாங்க.”

“கேட்டுச்சு.”

“அவன் பேர்ல வர்ற புத்தகம்தானே எல்லன். நீயா எழுதினா என்ன, அவனா எழுதினா என்ன?”

எல்லன் என்று முழுப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவள் அந்த ஊரிலேயே ஆக்னஸ் ஒருத்திதான்.

“அப்போ உங்களுக்கும் தெரியும்.”

“ஜனவரில நீ ராத்திரி டைப் அடிச்சது என் அறைக்குக் கேட்காதா? அவன் அப்படி எழுதுவானா?” ஆக்னஸ் கேக் துண்டுகளை வரிசையாக வைத்தாள். “நீ வர்றதுக்கு முன்னாடி அந்த டைப் மெஷின் முன்னாடி உட்கார்ந்தவ நான். முதல் ரெண்டு பெட்டி சீட்டு என் கையெழுத்து. நீ வந்த மறுவாரம், ‘ஆக்னஸ், நெல் நல்லா வேகமா அடிக்கறா, நீ சமையலைப் பார்த்துக்கறியா’ன்னான். பார்த்துக்கிட்டேன். கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு கேட்டுப் பழகிக்க. எனக்குப் பழகிடுச்சு.”

நெல் அவளைப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் அந்த வீட்டில் யாரும் இதைச் சொன்னதில்லை. தட்டை எடுத்துக்கொண்டு கதவைத் தள்ளி உள்ளே போனாள்.

எட்வின் பாதியில் பேச்சை நிறுத்தினான்.

“என் மனைவி” என்றான்.

“மிஸஸ் கார்த்வைட்! உங்களுக்குப் பெருமையா இருக்கும்” என்றாள் மிஸ் ஆஷ்வொர்த். “வீட்லயும் இப்படித்தான் பேசுவாரா?”

“வீட்ல அவர் அதிகம் பேசறதில்லை மிஸ்.”

நெல் கேக்கைப் பரிமாறினாள். இன்னொரு துண்டு வைக்கப் போனபோது மிஸ் ஆஷ்வொர்த் தட்டின் மேல் கையை வைத்து, “ப்ளென்டி, ப்ளென்டி” என்றாள். சொன்ன மறுகணம் அவளே சத்தமாகச் சிரித்தாள். “பாருங்க! உங்க வீட்டுக்காரர் எழுதினபடியே சொல்லிட்டேன். இப்பல்லாம் எங்க ஆபீஸ்ல யாரும் இதைச் சொல்லிட்டுச் சிரிக்காம இருக்கறதில்லை.”

நெல்லும் புன்னகைத்தாள். அந்தப் புன்னகையோடு எட்வினைத் திரும்பிப் பார்த்தாள். அவன் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தான்.

“இன்னொண்ணு கேட்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க” என்றாள் விருந்தாளி. “இதுக்கு எதிர்ப் பக்கம். ஒரு பொருள் கிடைக்கலைன்னு சொல்றதுக்கு என்னென்னவோ சொல்றோமே. அதை எப்படி எழுதுவீங்க? சும்மா வாய்ல சொல்லுங்க.”

எட்வின் தொண்டையைச் செருமினான். “பற்றாக்குறை… இன்மை… அருமை என்பது கவிதை வழக்கு… பஞ்சம் என்றால் தானியத்துக்கு…”

சொற்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. மிஸ் ஆஷ்வொர்த் மரியாதையாகத் தலையாட்டினாள்.

“‘கொஞ்சம் தட்டுப்பாடு’ன்னு கடைக்காரர் சொன்னா உள்ள இருக்கு, உனக்குத் தர மாட்டேன்னு அர்த்தம்” என்றாள் நெல். கோப்பைகளை அடுக்கிக்கொண்டே, யோசிக்காமல் சொன்னாள். “‘சுத்தமா இல்லை’ன்னா நிஜமாவே இல்லை. ‘நேத்துதான் தீர்ந்துச்சு’ன்னா என்னிக்குமே வந்ததில்லை. போர்ச் சமயத்துல அப்பா கடைல நான்தான் இதை எல்லாம் சொல்லிட்டிருந்தேன்.”

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது. மிஸ் ஆஷ்வொர்த் அவளைப் பார்த்தாள். பிறகு எட்வினைப் பார்த்தாள். பிறகு மடியில் இருந்த தாளை மெதுவாக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

“அஞ்சு பத்துக்கு ரயில்” என்றாள். “கிளம்பறேன். கேக் ரொம்ப நல்லா இருந்துச்சு.”

புத்தகத்தைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லவில்லை.

கதவு மூடியதும் எட்வின் திரும்பினான். “திருப்தியா?”

“என்ன திருப்தி?”

“வேணும்னே பண்ணினே. அவ முன்னாடி என்னை மட்டம் தட்டணும்னு.”

நெல் தட்டைக் கீழே வைத்தாள். “டோரா ஏணி மேல நின்னு வெள்ளையடிச்சிட்டிருக்கா எட்வின். இருமல்லாம் இல்லை.”

அவன் மூடிய கதவைப் பார்த்தான்.

“மூணு நாளா நான் என்ன எதிர்பார்த்தேன் தெரியுமா? புத்தகத்துல பேரா? ‘நல்லா இருந்துச்சு நெல்’னு ஒரு வார்த்தை. மாடிலேர்ந்து இறங்கி வரும்போதெல்லாம், இப்பச் சொல்வான், இப்பச் சொல்வான்னு அடுப்புகிட்ட நின்னுட்டிருந்தேன். பள்ளிக்கூடப் பையன் மாதிரி.”

“எனக்குப் பொறாமையா இருந்துச்சு” என்றான் எட்வின்.

சொன்ன பிறகு அவன் உட்கார்ந்துவிட்டான்.

“பதினாலு வருஷம் நெல். நீ ஒரு சாயங்காலம் உட்கார்ந்தே. நான் படிச்சுட்டுச் சிரிச்சேன். சிரிச்சதும் உன்மேல அவ்வளவு ஆத்திரம் வந்துச்சு, என்ன பண்றதுன்னு தெரியல.”

“பொறாமை தெரியும். உன் மூஞ்சியிலயே இருந்துச்சு. அதைப் பொறுத்துக்கிட்டேன்.” அவள் குரல் உடைந்தது. “நான் எழுதினதை நீ எழுதினதா சொல்லுவேன்னுதான் தெரியாது.”

வெளியே கடற்காக்கைகள் கத்தின. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“ரயில் இன்னும் போகல” என்றாள்.

எட்வின் தொப்பிகூட எடுக்காமல் ஓடினான்.

ஐந்து அடிக்கப் பத்து நிமிடம் இருந்தது. அவன் போன நேரம் படகுகளுக்கு வழிவிட்டுத் துறைமுகப் பாலம் விலகித் திறந்திருந்தது; யாரும் கடக்க முடியாது. இரண்டு மீன்பிடிப் படகுகள் அவசரமே இல்லாமல் உள்ளே வந்துகொண்டிருந்தன. இந்தக் கரையில் நின்றபடி அந்தக் கரை ரயில் நிலையத்தின் கூரையைப் பார்த்தான். திரும்பிப் போய்விடலாம், பாலம் திறந்திருந்தது என்று சொல்லலாம், அது பொய்யாகவும் இருக்காது. அப்படி ஒரு நினைப்பு வந்தது. பாலம் மூடியதும் ஓடினான்.

மிஸ் ஆஷ்வொர்த் பெட்டிக்குள் ஏறி ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

“அதை நான் எழுதல” என்றான், மூச்சு வாங்க. “என் மனைவி எழுதினது. ஒவ்வொரு எழுத்தும்.”

“தெரியும்” என்றாள். கடுமையாகச் சொல்லவில்லை. “அவங்க தட்டுப்பாடு பத்திச் சொன்னப்பவே தெரிஞ்சுடுச்சு. நீங்க ஓடி வருவீங்கன்னுதான் தெரியல. அதுக்கு நன்றி.”

“அப்போ புத்தகம்…”

“உங்க சீட்டுகள் நல்ல உழைப்பு மிஸ்டர் கார்த்வைட். அதை அடித்தளமா வச்சுக்கலாம். ஆனா எழுத வேண்டியது அவங்க. அட்டைல அவங்க பேர்தான் வரணும். சனிக்கிழமை காலைல எங்க கூட்டம். அடுத்த வருஷத்துக்கு எந்தப் புத்தகம்னு அன்னைக்கு முடிவாகும். அதுக்குள்ள அவங்க சம்மதம் எழுத்துல என் கைக்கு வரணும். கேட்டுச் சொல்றீங்களா?”

நல்ல பதில் ஒன்று அவனுக்குத் தெரிந்துதான் இருந்தது. ‘கேட்கிறேன்.’ ஒரே சொல். ஆனால் அட்டையில் அவள் பெயர் என்று கேட்டதும் அதைச் சொல்ல மனம் வரவில்லை. அடுத்து வந்த குரல் தன்னுடையதுதான் என்று அவனுக்குப் புரியவே ஒரு கணம் ஆயிற்று.

“அவளால முடியாது. அவளுக்கு எங்க நேரம்? வீட்டு வேலையே ப்ளென்டி.”

கொடி அசைந்தது. மிஸ் ஆஷ்வொர்த் எழுந்து ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி ஏதோ சொன்னாள். நீராவிச் சத்தத்தில் அது கேட்கவில்லை. ரயில் போயிற்று.

நெல் வாசல்படியிலேயே நின்றிருந்தாள்.

“சொன்னியா?”

“சொன்னேன். அவங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சுடுச்சு.”

“என்ன சொன்னாங்க?”

எட்வின் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். வழியெல்லாம் அவன் வேறொரு பதிலைத் தயாரித்துக்கொண்டு வந்திருந்தான். ‘யோசிச்சுச் சொல்றேன்னாங்க’ என்பது அது. அவள் முகத்தைப் பார்த்ததும் அது வாயில் வரவில்லை.

“உன்னை எழுதச் சொன்னாங்க. முழுப் புத்தகமும். உன் பேர்ல. சனிக்கிழமைக்குள்ள நீ சம்மதம் எழுதி அனுப்பணும்.” நிறுத்தினான். “நான் வேண்டாம்னுட்டேன். உன்னைக் கேட்காமலே. உனக்கு நேரமில்லை, வீட்டு வேலையே ப்ளென்டின்னு சொன்னேன்.”

தெருவில் யாரோ ‘மாலை வணக்கம்’ என்று சொல்லிக்கொண்டு போனார்கள். இருவருமே திரும்பிப் பார்க்கவில்லை.

“ஓடிப் போய் உண்மையைச் சொன்னதும் நீதான்” என்றாள் கடைசியில். “நின்ன இடத்துலயே இதைச் சொன்னதும் நீதான். எந்த எட்வினோட நான் குடித்தனம் பண்றேன்?”

“எனக்கே தெரியல.”

“எனக்கும் இன்னைக்குத் தெரியல. நாளைக்கும் தெரியுமான்னு சொல்ல முடியாது.” அவள் திரும்பி மாடிப்படி ஏறினாள். நடுவில் நின்றாள். “ஒண்ணு மட்டும் கேளு. நேரம் இருக்கா இல்லையான்னு இனிமே நான் சொல்வேன்.”

முதல் தடவையாக அவன் நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள். அதுவரை டைப் மெஷின் ஜன்னலோர ஸ்டூலில்தான் இருந்தது. அதைத் தூக்கி மேஜை நடுவில் வைத்தாள். எட்வின் கதவருகில் நின்றான். உள்ளே வரலாமா என்று கேட்கவும் தோன்றவில்லை, போகவும் தோன்றவில்லை.

கடிதம் நாலே வரி. ‘அன்புள்ள மிஸ் ஆஷ்வொர்த், என் கணவர் சொன்னது தவறு. எனக்கு நேரம் இருக்கிறது. எழுதுகிறேன். சீட்டுகள் சேர்த்தவர் என்று அவர் பெயரும், முதலில் சேர்த்தவர் என்று ஆக்னஸ் கார்த்வைட் பெயரும் உள்ளே வர வேண்டும். எல்லன் கார்த்வைட்.’

ஆக்னஸ் படிக்கட்டின் அடியில் கோட்டுப் போட்டு நின்றிருந்தாள். வியாழக்கிழமைகளில் அவளுக்குத் தேவாலயத்தில் பாட்டுப் பயிற்சி. நெல் கீழே இறங்கி வந்து உறையை ஒட்டும் முன் கடிதத்தை அவளிடம் நீட்டினாள்.

“படிங்க.”

ஆக்னஸ் படித்தாள். கடைசி வரிக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தாள்.

“நான் இதைக் கேட்கலையே” என்றாள்.

“கேட்கலைதான்.”

ஆக்னஸ் கடிதத்தைத் தானே மடித்து உறையில் போட்டு ஒட்டினாள். “ஆறரைக்குக் கடைசித் தபால். நானே போட்டுடறேன், போற வழிதானே.”

நெல் ஒரு கணம் தயங்கினாள். பிறகு தலையாட்டினாள். கதவு மூடியது. அவள் சமையலறைக்குப் போய்க் காலையில் வைத்த நண்டுகளை எடுத்தாள். ஓடு உடைபடும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது.

எட்வின் முன்னறை ஜன்னலுக்கு வந்தான். இன்னும் வெளிச்சம் இருந்தது. தெருமுனையில் சிவப்புத் தபால் பெட்டி நன்றாகத் தெரிந்தது. ஆக்னஸ் அதை நோக்கி நிமிர்ந்த முதுகோடு நடந்துபோனாள். பெட்டி அருகில் வந்ததும் நடை தளர்ந்தது. கை கோட்டுப் பைக்குள் போயிற்று. நின்றாள்.

கை வெளியே வரவில்லை. அவள் பெட்டியைத் தாண்டிப் பாலத்தின் பக்கம் திரும்பி நடந்தாள்.

எட்வினின் மூச்சு கண்ணாடியில் படிந்தது. அவன் எதையும் செய்ய வேண்டியதில்லை. பொய் சொல்லக்கூட வேண்டியதில்லை. சும்மா நின்றால் போதும். சனிக்கிழமை வரும், போகும். சீட்டுப் பெட்டிகள் இந்த வீட்டிலேயே அவன் பெயரிலேயே இருக்கும்.

“போட்டுட்டாங்களா?” சமையலறையிலிருந்து நெல் கேட்டாள்.

அவன் கண்ணை மூடினான்.

“இல்லை நெல்!” என்றான். அவனுக்கே தெரியாமல் குரல் உரக்க வந்தது. “பெட்டியைத் தாண்டிப் போயிட்டா. பாலத்துப் பக்கம் போறா. ஓடு!”

நண்டை உடைக்கும் சத்தம் நின்றது. ஈரக் கையோடு, ஏப்ரனோடு, நெல் அவனைத் தாண்டித் தெருவில் இறங்கினாள். துறையில் படகு ஒன்று மணியடித்தது. படகுக்குப் பாலத்தைத் திறப்பதற்காகப் பாலத்துக்காரர் சங்கிலியைக் குறுக்கே போடக் கிளம்பிவிட்டார். ஆக்னஸ் அந்தக் கரையை நெருங்கிக்கொண்டிருந்தாள்.